பைக்கில் எல்.ஈ.டி. இண்டிகேட்டர் மாற்றியவர்கள் ஒருமுறை பின்னால் போய் நின்று பாருங்கள்

மூன்று வாரத்துக்கு முன் ஒரு சாயங்காலம், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடிந்து வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். வலது பக்கத் தெருவுக்குள் திரும்ப வேண்டும். ஐம்பது அடிக்கு முன்பே இண்டிகேட்டர் போட்டேன், வேகத்தைக் குறைத்தேன், கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் ஒரு ஸ்கூட்டர் தூரத்தில்தான் வந்தது. திரும்பிய அந்த நொடியில் அந்த ஸ்கூட்டர் என் வலது பக்கமாக ஏறி வந்து ஹேண்டில்பாரில் உரசிக் கீழே போனது. ஓட்டி வந்தது ஒரு கல்லூரிப் பையன். இண்டிகேட்டர் போட்டிருக்கிறேனே, கண் தெரியவில்லையா என்று நான் கத்த ஆரம்பித்ததும், அடிபட்ட தன் கையைப் பிடித்துக்கொண்டு அவன் சொன்னான்: “அண்ணா, நாலும் எரிஞ்சுதுண்ணா, நேரா போறீங்கன்னு நினைச்சேன்.”

அவன் சொன்னது உண்மை. சாவியைத் திருப்பி வலது பக்கம் போட்டுப் பார்த்தேன், முன்னும் பின்னும் நான்கும் சேர்ந்து மின்னிக்கொண்டிருந்தன. நான்கும் போடுவது பழுதாகி நிற்கும் வண்டிக்கானது என்றாலும், நம் ஊர் சிக்னல்களில் நான்கும் போட்டால் நேராகப் போகிறார் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொள்கிறோம். அந்தப் பையனும் அப்படித்தான் எடுத்துக்கொண்டான். அவனுக்கு மணிக்கட்டு எலும்பில் விரிசல், ஆறு வாரம் கட்டு. அவனைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

விஷயம் அதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கியது. பழைய இண்டிகேட்டரில் ஒன்று உடைந்துபோக, சென்னை ஜி.பி. ரோடு பக்கம் ஒரு உதிரிபாகக் கடையில் கேட்டேன். கடையின் பெயரை எழுதவில்லை, பெயரைவிட அவர்கள் செய்ததுதான் முக்கியம். கம்பெனி பார்ட் எதற்கு, எல்.ஈ.டி. போடுங்கள், பகலிலும் பளிச்சென்று தெரியும், ஆர்.டி.ஓ. அப்ரூவல் உள்ளது என்றார் கடைக்காரர். நான்கு சேர்ந்து 600 ரூபாய், மாட்டக் கூலி 200. மாட்டிப் போட்டதும் மின்னல் மாதிரி படபடவென்று அடித்தது. உடனே ரிலேயும், அதாவது இண்டிகேட்டரை விட்டு விட்டு மின்ன வைக்கும் சாமானையும், மாற்ற வேண்டும் என்று இன்னொரு 150 வாங்கினார்கள். அதன்பின் வேகம் சரியாகிவிட்டது, மீட்டரில் பச்சை விளக்கும் ஒழுங்காக மின்னியது. நான் கிளம்பிவிட்டேன். ஓட்டுகிறவனுக்குத் தன் பின் விளக்கு தெரியாது, மீட்டரை நம்பித்தான் போகிறோம். மாட்டிய பையன் பின்னால் போய் ஒரு நிமிடம் நின்று பார்த்திருந்தால் அவனுக்குத் தெரிந்திருக்கும்.

ஏன் நான்கும் எரிந்தது என்று எங்கள் பகுதியில் வயரிங் வேலை செய்யும் ஓர் அண்ணன் பிரித்துக் காட்டினார். என் வண்டி மாதிரிச் சில பைக்குகளில் மீட்டரில் இடதுக்கும் வலதுக்கும் சேர்த்து ஒரே ஒரு பச்சை பல்புதான். அதன் ஒரு முனை இடது வயரில், மறு முனை வலது வயரில். வலது பக்கம் போட்டால் கரண்ட் அந்தச் சின்ன பல்பு வழியாக இடது பக்க இண்டிகேட்டருக்குள் போய் எர்த் ஆகும். இடது பக்கம் இருப்பது பழைய 10 வாட் பல்பு என்றால் அந்தத் துளி கரண்டில் அது எரியாது. எல்.ஈ.டி.க்கு அந்தத் துளியே போதும், எரிந்துவிடும். கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு இரண்டு வைத்து அந்த வழியை அடைத்திருக்க வேண்டும், சில ரூபாய்ச் சாமான். ஆரம்பத்தில் படபடவென்று அடித்ததும் இதே கதைதான், கரண்ட் குறைவாக இழுப்பதைப் பார்த்து பழைய ரிலே பல்பு போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளும். ரிலே மாற்றத் தெரிந்தவர்களுக்கு டயோடு தெரியாதா?

அடுத்த நாள் மத்தியானம் வெயிலில் வண்டியை நிறுத்தி, மச்சானை ஸ்விட்ச் போடச் சொல்லிப் பின்னால் பத்தடி தள்ளி நின்று பார்த்தேன். நேர் பின்னால் நின்றால் கண்ணைக் குத்துகிறது. இரண்டு எட்டு பக்கவாட்டில் நகர்ந்தால் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. சாதாரண பல்பு எல்லாப் பக்கமும் வெளிச்சம் வீசும், பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர் அதைப் பரப்பும். இந்த மலிவு எல்.ஈ.டி. இண்டிகேட்டரில் வெளிச்சம் தரும் சிப்புகள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து ஒட்டப்பட்டிருக்கின்றன, மேலே கறுப்புச் சாயம் ஏற்றிய கண்ணாடி வேறு. நம்மை முந்த வருகிறவர் நேர் பின்னால் இருக்க மாட்டார், சாய்வாகத்தான் வருவார். முன்பக்கம் இன்னும் மோசம். ஃபோர்க்கில் ஹெட்லைட்டை ஒட்டியே வைத்துவிட்டார்கள், 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் பகலிலும் எரிந்துகொண்டே இருக்கும், அந்த வெளிச்சத்தில் இண்டிகேட்டர் கரைந்துபோகிறது.

எல்.ஈ.டி. என்றாலே சட்டவிரோதம் என்று பயப்பட வேண்டாம். கம்பெனியிலிருந்தே எல்.ஈ.டி. இண்டிகேட்டரோடு எத்தனையோ பைக் வருகிறது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 103-ம் விதி கேட்பது: நிறம் ஆம்பர் மஞ்சளாக இருக்க வேண்டும், நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமல் 120-க்கு மேல் போகாமல் மின்ன வேண்டும், முன்னாலும் பின்னாலும் தெளிவாகத் தெரிய வேண்டும். நீலம், வெள்ளை என்று விற்பதெல்லாம் இதிலேயே அடிபட்டுவிடும். அனுமதிக்கப்படாத மாற்றம் செய்தால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ வரலாம். கடைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அப்புறம் அந்த “ஆர்.டி.ஓ. அப்ரூவல்” சுத்தப் பொய். உதிரிபாகத்துக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் ஒப்புதல் கொடுப்பதில்லை, அதைச் சோதித்துச் சான்று தருவது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிறுவனங்கள். அட்டைப்பெட்டியில் வட்டத்துக்குள் ஆங்கில ‘E’ முத்திரை அச்சடித்திருந்தது. அது ஐரோப்பிய ஒப்புதல் குறி, பக்கத்தில் இருக்கும் எண் ஒப்புதல் கொடுத்த நாட்டைச் சொல்லும். அந்தக் குறி விளக்கின் கண்ணாடியிலேயே பதிந்திருக்க வேண்டும். என்னுடையதில் பெட்டியில் மட்டும்தான் இருந்தது, விளக்கு மொட்டையாக இருந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்கப் போனேன். மாட்டும்போது சரியாகத்தான் இருந்தது, நீங்கள் வெளியில் கை வைத்திருக்கிறீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். என் கையில் இருந்தது ஜி.எஸ்.டி. எண் இல்லாத துண்டுச் சீட்டு. இருந்தாலும் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன், பணம் அனுப்பிய யு.பி.ஐ. விவரத்தையும் பெட்டியின் படத்தையும் சேர்த்து.

நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருந்தால், இன்றைக்கே வீட்டில் யாரையாவது ஸ்விட்ச் போடச் சொல்லிவிட்டுப் பின்னால் போய் நில்லுங்கள். ஒரு பக்கம் மட்டும்தான் மின்னுகிறதா, உச்சி வெயிலில் சாய்வாக நின்றாலும் தெரிகிறதா, அரை நிமிடத்தில் 30-லிருந்து 60 தடவைக்குள் மின்னுகிறதா என்று எண்ணுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் இந்தச் சோதனையைக் கடை வாசலிலேயே செய்யுங்கள், அதன்பின் பணம் கொடுங்கள். வண்டியின் வயர்களை இணைக்கும் கனெக்டரை வெட்ட விடாதீர்கள், பழைய விளக்குகளையும் கேட்டு வாங்கி வையுங்கள். என்னுடைய பழைய மூன்றையும் அவர்கள் குப்பையில் போட்டுவிட்டதால், நான்கையும் ஷோரூமில் புதிதாக வாங்கி, வெட்டிய வயரை எல்லாம் சோல்டர் வைத்துச் சரிசெய்ய 1,800 ரூபாய் ஆனது. பையனின் ஆஸ்பத்திரிச் செலவை நானே கட்டிவிட்டேன். அவனுக்கு இந்த மாதம் செமஸ்டர் பரீட்சை, அடிபட்டது எழுதுகிற கை.