‘ரிலே போட்டாச்சு சார்’ என்றால் பிடுங்கிப் பாருங்கள்

பைக்கில் ஃபாக் லைட் மாட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையில் ஆக்சஸரீஸ் கடைகள் வரிசையாக இருக்கும் ஒரு தெருவில்தான் நான் மாட்டினேன். கடை பெயர் வேண்டாம், இதே வேலையைச் செய்கிற கடைகள் இன்னும் இருக்கும்.

ஒரு லைட் 40 வாட், ஜோடியாக எடுத்தேன். ரிலே (ஹேண்டில் ஸ்விட்சுக்குச் சுமை தராமல், பேட்டரியிலிருந்து லைட்டுக்குக் கரண்ட் விடும் சின்னப் பெட்டி), ஃபியூஸோடு வயரிங் கிட் போடச் சொல்லி அதற்குத் தனியாகக் காசும் கொடுத்தேன். ஹெட்லைட்டுக்குக் கீழே கறுப்பு ரிலே ஒன்றைக் காட்டி, “பக்காவா போட்டாச்சு சார்” என்றார்கள்.

சில வாரம் கழித்து, ராத்திரி நேரம், திண்டிவனம் தாண்டி போய்க்கொண்டிருந்தபோது பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. அடுத்த நிமிடம் ஹெட்லைட், ஃபாக் லைட் இரண்டும் அணைந்தன. பின்னால் லாரி. இண்டிகேட்டர் மட்டும் எரிந்ததால் எப்படியோ ஓரம் கட்டினேன்.

விழுப்புரத்தில் ஒரு மெக்கானிக் அண்ணன் பிரித்துக் காட்டியதும் எனக்கு வயிறு எரிந்தது. ரிலே இருக்கிறது, ஆனால் அதற்கு ஒரு வயரும் போகவில்லை. டேக் போட்டுக் கட்டிய வெறும் ஷோ பீஸ்! கரண்ட் எல்லாம் ஹெட்லைட் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றிய இடத்திலிருந்து எடுத்திருந்தார்கள்.

கணக்குப் பாருங்கள். என் ஹெட்லைட் பல்ப் 35 வாட், 12 வோல்ட்டில் சுமார் 3 ஆம்பியர். ஃபாக் லைட் ஜோடி 80 வாட், கிட்டத்தட்ட 7 ஆம்பியர். மூன்றுக்குச் செய்த ஹை-லோ ஸ்விட்ச் வழியாகப் பத்து ஓடியிருக்கிறது. அங்கிருந்த சிவப்பு 10 ஆம்பியர் ஃபியூஸுக்கு இதுவே விளிம்பு, நிறைய கூடினால் அது போய் வயரைக் காப்பாற்றியிருக்கும். அந்த இடத்தில் பச்சை, அதாவது 30 ஆம்பியர் ஃபியூஸைச் சொருகிவிட்டார்கள். இதைத்தான் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. ஃபியூஸ் போகாது, வயர்தான் உருகும். பெட்ரோல் டேங்குக்குப் பக்கத்தில்!

கடைக்குப் போன் செய்தால், “மழைத் தண்ணி போயிருக்கும் சார்” என்றார்கள். நேரில் போனபோது பில் கேட்டார்கள். அவர்கள் கொடுத்ததோ ஒரு துண்டுச் சீட்டு, அதில் கடை பெயர்கூட இல்லை. சர்வீஸ் சென்டரில் வயரை வெட்டியிருப்பதைப் பார்த்ததும் வாரண்டி கிடையாது என்று கையை விரித்தார்கள். ஹார்னஸும் (வண்டியின் வயர் கட்டு) ஸ்விட்சும் என் செலவுதான்.

அதனால் காசு கொடுக்கும் முன் அங்கேயே சோதித்துவிடுங்கள். லைட்டைப் போட்டுவிட்டு ரிலேயைப் பிடுங்குங்கள். லைட் எரிந்துகொண்டே இருந்தால் அது நாடகம். ரிலேயின் அடியில் எண்கள் இருக்கும்: 30க்கு பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஃபியூஸ் வழியாக, 87லிருந்து லைட்டுக்கு, 86க்கு ஸ்விட்ச், 85 எர்த். ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். 80 வாட்டுக்கு 10 ஆம்பியர் போதும், பச்சை நிறத்தைக் கண்டால் கேள்வி கேளுங்கள். அப்புறம் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பி, வயர் எங்காவது இழுக்கிறதா, ஃபிரேமில் நசுங்குகிறதா என்று பாருங்கள். ‘ஒரிஜினல் வயரை வெட்டக் கூடாது’ என்று வேலை தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள், முகம் சுளித்தால் அடுத்த கடை.

ஜிஎஸ்டி பில் கட்டாயம் வாங்குங்கள். ஏமாந்தால் நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுக்கலாம், அங்கேயும் கையில் பில் இருந்தால்தான் பேச்சு எடுபடும்.