கலந்து வைப்பதா, தட்டிப் போடுவதா? வாசனைத் தேநீருக்கு மூன்று வழிகள்

வாசனைத் தேநீர் குடிக்க மூன்று வழி இருக்கிறது. இஞ்சி, ஏலம், வனிலா என்று வாசனை ஏற்றிய தேநீர்ப் பைகளைக் கடையில் வாங்கலாம். தேயிலைத் தூளோடு கறுவா, ஏலக்காய், கராம்பு எல்லாவற்றையும் கலந்து வீட்டிலேயே ஒரு போத்தலில் போட்டு வைக்கலாம். இல்லையென்றால் தூளைத் தனியாகவும் வாசனைச் சாமானைத் தனியாகவும் வைத்துக்கொண்டு, ஊற்றுகிற நேரத்தில் தட்டிப் போடலாம். நுவரெலியாப் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் முதல் இரண்டும் வந்து போய், இப்போது மூன்றாவதில் நிலைத்திருக்கிறோம். அதனால் முழு நடுநிலையை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

கடைப் பையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. சுடுதண்ணீர் இருந்தால் வேலை முடிந்தது. வேலை செய்யும் இடத்து மேசைக்கும், விடுதியில் படிக்கிற பிள்ளைக்கும் அதைவிட வசதி கிடையாது. ஒரு பையில் இரண்டு கிராமளவு தூள், அதன்மேல் தெளித்த வாசனை எண்ணெய், அவ்வளவுதான் அநேகமான பொதிகளில். பொதியைப் பிரித்ததும் மூக்கைத் தூக்குகிற மணம் நாக்கில் அந்த அளவுக்கு இருக்காததற்கும் அதுதான் காரணம். இஞ்சி வாசனை இருக்கும், தொண்டையில் இறங்கும் இஞ்சியின் உறைப்பு இருக்காது. பொதியின் பின்பக்கத்தைப் பார்த்து, இஞ்சித் துண்டு இருக்கிறதா இஞ்சிச் சுவையூட்டி மட்டும்தானா என்று பார்த்து வாங்கினால் ஏமாற்றம் குறையும். ஒரு விஷயத்தில் மட்டும் கடைச் சரக்கை யாரும் வெல்ல முடியாது. ஏர்ல் கிரே குடிக்க ஆசையென்றால் வாங்கத்தான் வேண்டும், அதன் மணம் பர்கமொட் என்ற பழத் தோலின் எண்ணெயில் இருந்து வருகிறது, நம் தேசிக்காய்த் தோலைச் சீவிப் போட்டால் அது வராது.

இரண்டாவது வழி, அதாவது கலந்து வைப்பது, பார்க்க அழகு. கண்ணாடிப் போத்தலில் கறுப்புத் தூளுக்கு நடுவே ஏலக்காயும் காய்ந்த தோடம்பழத் தோலும் தெரிகிற மாதிரி வைத்தால் விருந்தாளிகள் ஆளுக்கொரு போத்தல் கேட்பார்கள். காலையில் வேலைக்கு ஓடுகிற அவசரத்தில் ஒரு கரண்டி அள்ளிப் போட்டால் சரி. கொழும்பில் இருந்தால் நானும் இதையே செய்திருப்பேனோ என்னவோ. ஆனால் இங்கே இதைத் தோற்கடிப்பது ருசியோ செலவோ இல்லை, ஈரம்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் முழு முடிவும் இதில்தான் தொங்குகிறது. பெக்டரியில் கொழுந்தை வாட்டி, உருட்டி, புளிக்கவிட்டு, கடைசியில் சூட்டில் உலர்த்தும்போது தூளில் மிஞ்சுகிற ஈரம் ஏறத்தாழ 3 வீதம்தான். நம் கையில் நொறுங்குகிற கறுவாவும் ஏலக்காயும் எவ்வளவுதான் காய்ந்ததாகத் தெரிந்தாலும் அவற்றுக்குள் 10 வீதம், அதற்கு மேலும்கூட ஈரம் இருக்கும். இரண்டையும் ஒரே போத்தலில் அடைத்து மூடினால் ஈரம் அதிகமான இடத்தில் இருந்து குறைந்த இடத்துக்குத்தான் போகும். அதாவது போத்தலை நன்றாக இறுக்கி மூடியிருந்தாலும், வெளியே ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும், உள்ளுக்குள்ளேயே தூள் கெட ஆரம்பித்துவிடும். இதில் மேல்மாகாணத்து வெக்கை, மலைநாட்டுக் குளிர் என்ற வித்தியாசம்கூட இல்லை, எங்கேயும் நடக்கிறதுதான். நமக்குக் கூடுதலாக இருப்பது மே முதல் செப்டம்பர் வரை மேற்குப் பக்க மலைகளில் அடிக்கிற தென்மேற்குப் பருவ மழையும், ஜன்னலைத் திறந்தால் குசினிக்குள் வந்து உட்காருகிற மூடுபனியும். போத்தலை ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதில் கொஞ்சம் உள்ளே போகிறது.

தூள் ஈரம் குடித்துவிட்டதா என்று பார்ப்பது லேசு. ஒரு சிட்டிகையை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் நல்ல தூள் மொறுமொறுவென்று சத்தம் போட்டு உடையும், விரலில் பொடி நிற்கும். ஈரம் ஏறிய தூள் சத்தமில்லாமல் நசுங்கும், கரண்டியில் ஒட்டிக்கொண்டு வரும், ஊற்றினால் சாயம் மட்டும் கறுப்பாக இறங்கி மேலே அந்தச் செம்பு நிறப் பளபளப்பு இருக்காது. மணம் போய்விட்டது என்று அப்போது ஏலக்காயைக் கூட்டிப் போடுகிறோம், அதோடு இன்னும் ஈரம் சேர்கிறது.

தோடம்பழத் தோல்தான் இதில் பெரிய வில்லன். பளிச்சென்ற வெயில் இல்லாத ஜூன் மாதத்தில் அதைச் சரியாகக் காயவைக்கவே முடியாது. அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் புகை வாசம் ஏறும், தூள் அதையும் இழுத்துக்கொள்ளும். உள்பக்க வெள்ளைச் சதையை வழித்து எடுக்காத தோல் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாகவே இருக்கும், அங்கேதான் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு துண்டில் பூத்திருந்தாலும் அதை மட்டும் பொறுக்கிப் போட்டுவிட்டு மிச்சத்தைப் பாவிக்கக் கூடாது. சில பூஞ்சணங்கள் விடுகிற நஞ்சு கொதிக்கிற தண்ணீரில் அழியாது, முழுப் போத்தலையும் கொட்ட வேண்டியதுதான்.

பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்துக்காரர்கள் இதைப் படித்துவிட்டு "எங்கள் வீட்டில் ஒன்றும் ஆகவில்லையே" என்று கேட்கலாம். அவர்கள் இருக்கும் ஊவாவில் ஜூலை முதல் செப்டம்பர் வரை உலர்ந்த கச்சான் காற்று அடிக்கிற காலம், அப்போது கலந்த போத்தல் நன்றாகவே தாக்குப்பிடிக்கும். அவர்களுக்கு மழை வருவது ஆண்டுக் கடைசியில். ஆனால் அதே மாதங்களில்தான் ஊவாத் தூளுக்கு அந்தப் புதினா மாதிரியான தனி மணம் வருகிறது, உலகம் முழுக்க அதற்கென்றே வாங்குபவர்கள் இருக்கிறார்கள். அதில் போய்க் கராம்பு போடுவது என்ன ஞாயமோ! நுவரெலியாத் தூளும் அப்படித்தான், மெல்லிசு, கறுவா அதை அமுக்கிவிடும். வாசனைச் சாமானோடு மல்லுக்கட்டி நிற்கிறது கடும் சாயம் இறங்குகிற கீழ்நாட்டுத் தூளும், நம் வீடுகளில் புழங்குகிற டஸ்ட் என்கிற பொடித் தூளும்தான். விலை உயர்ந்த தூள் தேவையே இல்லை.

இனி மூன்றாவது. தூள் ஒரு தகர டின்னில், கறுவா, ஏலம், கராம்பு வேறு போத்தலில், இஞ்சி பச்சையாக. கறுவாவில் ஒரு விரல் நீளத் துண்டு, ஏலக்காய் இரண்டு, நகக்கண் அளவு இஞ்சி, இதை உரலில் ஒரு தட்டு. பொடியாக்க வேண்டாம், ஏலக்காய் வாய் திறந்தால் போதும். இரண்டு கோப்பைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட வேண்டும். கராம்பு போடுவதென்றால் ஒன்றே ஒன்று, இரண்டாவது போட்டால் பல் வைத்தியரிடம் போய் வந்த வாசம் அடிக்கும். ஏழெட்டு நிமிடம் கொதித்த பிறகு அடுப்பை நிறுத்தி, அப்புறம் தூளைப் போட்டு, மூடி வைத்து, மூன்று நான்கு நிமிடத்தில் வடிக்க வேண்டும்.

கலந்த போத்தலால் செய்ய முடியாதது இதுதான். கறுவாவும் இஞ்சியும் சாறு விட நேரம் கேட்கும், தூளோ நேரம் போனால் துவர்த்துக் கசந்துவிடும். ஒன்றாகப் போட்டால் ஒன்றுக்காக மற்றதைக் கெடுக்க வேண்டியதுதான். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கிற தண்ணீர் 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிற நுவரெலியாவில் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அதனால்தான் கொழும்பில் இருந்து வந்த சமையல் குறிப்பை நம்பி ஐந்து நிமிடத்தில் இறக்கினால் இங்கே கறுவா வாயையே திறக்காது.

குறை இல்லையா என்றால் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கும் பெரியவர்களை மலைக்கும் அனுப்புகிற வீட்டில் ஏழெட்டு நிமிடம் என்பது சும்மா கிடைக்காது. நாங்கள் சாயந்தரத்தில்தான் இப்படி ஊற்றுகிறோம், காலையில் வெறும் பிளேன்டீதான். இன்னொன்று, ஒவ்வொரு நாளும் ருசி ஒரே மாதிரி வராது, எங்கள் வீட்டுப் பெரியம்மா ஊற்றினால் இஞ்சி தூக்கும், நான் ஊற்றினால் ஏலம் தூக்கும். பச்சைத் தேயிலையிலும் வெள்ளைத் தேயிலையிலும் இது எப்படி வரும் என்று என்னைக் கேட்காதீர்கள், இரண்டும் எங்கள் வீட்டில் புழக்கம் இல்லை.

உடம்புக்கு நல்லதா? எந்த வழியில் ஊற்றினாலும் தேயிலை தேயிலைதான். பிரித்தானியாவில் ஏறத்தாழ 5 இலட்சம் பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2022இல் வெளியான ஆய்வில், நாளுக்கு இரண்டு கோப்பையோ அதற்கு மேலோ குடித்தவர்களிடம் இறப்பு அபாயம் 9 முதல் 13 வீதம் குறைவாக இருந்தது. அவர்கள் பெரும்பாலும் குடித்தது நம்முடையதைப் போன்ற கறுப்புத் தேநீர். ஆனால் அது கண்காணித்துப் பார்த்த ஆய்வு, தேநீர்தான் காரணம் என்று நிறுவியதில்லை. கறுவா சீனி வியாதியைக் குறைக்கும் என்கிற பேச்சுக்கு ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை, மாத்திரையை நிறுத்திவிட்டுக் கறுவாத் தண்ணீர் குடிக்கிறவர்களை நினைத்தால் பயமாக இருக்கிறது. இஞ்சி குமட்டலுக்குக் கேட்கும் என்பதற்கு ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. நம் நாட்டுக் கறுவாவில் கூமரின் என்கிற, அதிகமானால் ஈரலைக் கெடுக்கும் பொருள் மிகமிகக் குறைவு. தடித்த ஒற்றைச் சுருளாக வரும் வெளிநாட்டுப் பட்டையில் அது கூடுதல். மெல்லிய பல தாள்கள் சுருட்டியது போல இருந்து கையால் நொறுங்கினால் நம்முடையது.

எனக்கு இதையெல்லாம்விட முக்கியமாகப் படுவது சாப்பாட்டோடு குடிக்கிற பழக்கம். ரொட்டி, சம்பல், பக்கத்தில் சாயத் தேநீர் என்பதுதான் தோட்டத்து லய வீடுகளின் வழக்கம். தேயிலையின் துவர்ப்புப் பொருட்கள் பருப்பு, கீரை, மாவு இவற்றில் உள்ள இரும்புச் சத்தைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. இரத்தசோகை உள்ள பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. சாப்பிட்டு ஒரு மணித்தியாலம் கழித்துக் குடித்தால் இந்தப் பாதிப்பு வெகுவாகக் குறையும், சாப்பாட்டில் தேசிக்காய் பிழிந்துகொள்வதும் உதவும். 65 பாகைக்கு மேல் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பதை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இல், உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள பழக்கமாக வகைப்படுத்தியிருக்கிறது. குளிருக்கு இதமாக இருக்கிறதென்று அடுப்பில் இருந்து நேரே வாய்க்குக் கொண்டுபோகிற பெரியவர்களுக்கு இதை யார் சொல்வது!

பிரித்து வைப்பதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. இரவில் தூக்கம் கெடக்கூடாது என்றாலோ, வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்து கஃபீனைக் குறைக்கச் சொல்லியிருந்தாலோ, தூள் டின்னைத் திறக்காமல் இஞ்சியும் ஏலமும் மட்டும் கொதிக்கவைத்துக் கருப்பட்டியோடு குடிக்கலாம். கலந்த போத்தலில் தூளை மட்டும் பொறுக்கி எடுக்க முடியாது. சிலர் இனிப்புக்காக அதிமதுரம் சேர்க்கிறார்கள். அது அளவு மீறினால் இரத்த அழுத்தத்தை ஏற்றும், பிரசர் மாத்திரை எடுப்பவர்கள் அதைத் தொடாமல் விடுவதே நல்லது.

வெளியூருக்கு அனுப்புவதற்காக மட்டும் கலந்தே ஆகவேண்டும் என்றால், தோடம்பழத் தோலை விட்டுவிடுங்கள். கறுவாவையும் ஏலத்தையும் இலேசான சூட்டில் வெறும் சட்டியில் பிரட்டி, முழுக்க ஆறவிட்டு, ஒரு மாதத்துக்குள் தீர்கிற அளவு மட்டும் கலந்து கொடுங்கள். மாத்தளையில் இருந்து அக்கா வாசனைச் சாமான் கொண்டுவரும்போது நான் திருப்பிக் கொடுத்தனுப்புவது இரண்டு பொதி, தூள் ஒன்றில், அவர் கேட்ட மாதிரி தட்டி வைத்த சாமான் இன்னொன்றில். "இதையும் நானே கலக்கணுமா?" என்று அவர் ஒவ்வொரு முறையும் கேட்கத்தான் செய்கிறார்.