சிஓடியா, பிஓடியா? வளாகக் கழிவுநீரில் என் தேர்வு

பினாங்கில் நான் படிக்கும் பல்கலைக்கழகத்தின் கழிவுநீரை இறுதியாண்டு ஆய்வுக்கு எடுத்துக்கொண்டபோது, பேராசிரியர் முதலில் கேட்டது இதுதான்: "சிஓடி செய்யப்போகிறாயா, பிஓடியா?" இரண்டும் நீரின் அழுக்கை ஆக்சிஜன் தேவையைக் கொண்டு அளக்கும் சோதனைகள். சிஓடியில் அழுக்கை வேதிப்பொருள் சிதைக்கும்; பிஓடியில் மூடிய போத்தலுக்குள் நுண்ணுயிர்கள் அதைத் தின்று ஆக்சிஜனைச் செலவழிக்கும். எல்லா இடத்திலும் இரண்டையும் செய்ய நேரமும் இல்லை, பணமும் இல்லை. நான் பிஓடி என்றேன்.

சிஓடியின் வசதி ஊரறிந்தது. 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் சூடாக்கினால் அன்றே முடிவு கையில். பிஓடிக்கு 20 டிகிரியில் ஐந்து நாள் காத்திருக்க வேண்டும். பினாங்கு வெக்கையில் மின்சாரம் போய்விட்டால் அந்த வாரத்து உழைப்பும் போயிற்று. மூடிக்கடியில் கடுகளவு காற்றுக்குமிழி நின்றாலே அந்தப் போத்தல் வீண். சட்டமும் ஒரு பக்கம் சாயவில்லை. மலேசியாவின் 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகளின் ஏ தரத்தில் பிஓடிக்கு லிட்டருக்கு 20 மில்லிகிராம், சிஓடிக்கு 120 என இரண்டுக்கும் வரம்பு உண்டு.

பிஓடி பக்கம் என்னைச் சாய்த்தது, சிஓடி சோதனை முடிந்தபின் மிஞ்சுகிற கழிவு. முன்னோட்டமாக ஒரு பிற்பகல் சிஓடி செய்து பார்த்தேன். உணவகத்துப் பின்பக்கக் கால்வாயில் எண்ணெய்ப் படலமும் சோற்றுப் பருக்கைகளும் மிதந்த நீர் அது. குழாயிலிருந்த ஆரஞ்சு நிறக் கரைசல் முழுப் பச்சையாகிவிட்டது. சோதனையால் அளக்கக்கூடிய அளவை அழுக்கு மீறிவிட்டது என்று பொருள்; நீர் கலந்து மறுபடி செய்தேன். ஒவ்வொரு குழாயிலும் பாதரசம், வெள்ளி, குரோமியம், செறிந்த கந்தக அமிலம். இதை ஆய்வகக் கழுவுதொட்டியில் ஊற்றினால் நான் சோதிக்கும் அதே கால்வாய்க்குத்தான் போய்ச் சேரும். லேபிள் ஒட்டிப் பூட்டி வைத்து, ஆபத்தான கழிவுகளுக்கான 2005ஆம் ஆண்டு விதிமுறைப்படி 180 நாளுக்குள் உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வாரம் பத்து இடம், இடத்துக்கு இரண்டு குழாய், பன்னிரண்டு வாரம் என்றால் 240 குழாய்கள்! கழிவை அளக்கப் போய் அதைவிடக் கொடிய கழிவை உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை. பிஓடி போத்தலிலோ மிஞ்சிய ஆக்சிஜனை மீட்டரால் அளந்து, கொட்டி, கழுவி, அடுத்த வாரமும் எடுத்துக்கொள்ளலாம்.

ஆய்வகக் கட்டட வடிகாலுக்கு மட்டும் இது பொருந்தாது. அங்கே கலக்கும் கிருமிநாசினியும் கரைப்பான்களும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டால் பிஓடி குறைந்து, அழுக்கு நீர் சுத்தமானதுபோலத் தோன்றும். அதற்கு சிஓடியே செய்தேன். மழை நாளில் நான் எடுத்தவை இரண்டே மாதிரிகள். அவற்றை வைத்து எதையும் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அந்த வடிகாலுக்குச் செலவான பதினாறு குழாய்களும் லேபிளோடு பெட்டியில் இருக்கின்றன. அடுத்த மாதம் ஒப்படைக்க வேண்டும்.