கும்பகோணம் பக்கத்து ஏ.சி. மண்டபம்: படம் எடுத்தவன் சொல்வது

கல்யாணப் படம் எடுப்பது என் தொழில். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் போகும் சாலையில் புதிதாகக் கட்டிய ஒரு ஏ.சி. மண்டபத்தில் ஆவணி முகூர்த்தம் ஒன்றுக்குப் போயிருந்தேன். பெயர் வேண்டாம். ஏ.சி. குளுகுளு, கார் நிறுத்தத் தாராள இடம், பந்தி ஹாலும் நல்ல வெளிச்சம். குறை சொல்ல வேண்டியதெல்லாம் மேடையில்தான்.

ஹாலின் ஃபால்ஸ் சீலிங்குக்கு மெரூன் அடித்து ஓரத்தில் தங்கக் கோடு போட்டிருக்கிறார்கள். பார்க்க ராஜ களைதான். ஆனால் நாங்கள் ஃபிளாஷை நேராக முகத்தில் அடிப்பதில்லை. மேலே திருப்பி, கூரையில் பட்டு இறங்கும் ஒளியில்தான் எடுப்போம். வெள்ளைக் கூரை என்றால் முகம் மெத்தென்று வரும். இங்கே கூரையின் சிவப்பு அப்படியே கீழே இறங்குகிறது. மாப்பிள்ளையின் வெண்பட்டு வேட்டி ரோஸ் கலரில் நிற்கிறது. எடிட்டிங்கில் வேட்டியை வெள்ளையாக்கினால் பெண்ணின் கன்னம் பச்சையடிக்கிறது.

அப்புறம் அந்த ஊதா விளக்குகள். ரிசப்ஷனுக்குப் போட்டதை விடிகாலையிலும் அணைக்கவில்லை. மஞ்சள் பூசிய முகத்தில் ஊதா விழுந்தால் என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். மேனேஜரிடம் கேட்டேன். "தம்பி, லைட்டெல்லாம் டெக்கரேஷன்காரர் பொறுப்பு, நான் கை வைக்க முடியாது" என்றார். டெக்கரேஷன்காரரோ இரவே கிளம்பிவிட்டார். கடைசியில் பெண்ணின் சித்தப்பா போய்ச் சத்தம் போட்ட பிறகுதான், கூறைப்புடவை கட்டிக்கொண்டு பெண் திரும்பி வரும் நேரத்துக்கு, அணைத்தார்கள். ஆல்பத்தில் மேடைப் படம் என்று பெருமையாகக் காட்டக்கூடியவை எல்லாம் அதற்குப் பிறகு எடுத்தவை.

மணவறைக்குப் பின்னால் எல்.இ.டி. திரை வேறு. ஷட்டர் வேகம் 1/200 நொடியில் எடுத்த படங்களில் திரையின் குறுக்கே கருப்புப் பட்டைகள். 1/100-க்கு இறக்கினேன்; பட்டை போனது, அட்சதை போடும் கைகள் கலங்கிவிட்டன. போதாக்குறைக்கு ஹோமப் புகை வெளியேற வழியில்லை. திரை வெளிச்சம் புகையில் பட்டு, ஐயர் பாதி நேரம் மூட்டத்துக்குள்தான் இருந்தார்.

மேடை உயரம் என் நெஞ்சளவு. கீழே நின்றால் முகவாய்தான் கிடைக்கும். ஏறி நின்றால் முன்வரிசைப் பாட்டிகள் திட்டுவார்கள், அவர்கள் திட்டுவதும் நியாயம்தான்.

ஆனால் மணமகள் அறையைக் கட்டியவருக்கு ஒரு கும்பிடு போடலாம். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னல், வெள்ளைச் சுவர். ஆறரை மணிக்கு மெல்லிய திரைச்சீலையை மட்டும் இழுத்துவிட்டால் போதும், ஒரு விளக்கும் வேண்டாம். சடையில் வைத்த தாழம்பூவின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது, நெற்றிச்சுட்டிக் கல்லின் சிவப்பு சிவப்பாகவே விழுந்தது. பெண் வீட்டார் பெரிதாகப் போடச் சொன்ன படங்களும் இந்த அறையில் எடுத்தவைதான். வாசல் போர்டிகோவும் அப்படியே. காலையில் நல்ல நிழல் வெளிச்சம். குடும்பப் படங்களை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசப்ஷன் மட்டும் என்றால் யோசிக்காமல் பிடிக்கலாம், அந்த அலங்காரத்துக்கு இரவுதான் பொருத்தம். முகூர்த்தத்துக்கு என்றால், அட்வான்ஸ் கொடுக்கும்போதே கலர் விளக்கையும் எல்.இ.டி. திரையையும் காலையில் அணைப்பதாக ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கூரைக்கு வெள்ளையடிக்கும்படி நானும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறேன், மேனேஜர் சிரித்தார்.