பானட்டில் சுருக்கம் விழுந்தால் அதன்மேல் பட்டி பூச விடாதீர்கள்

கடந்த ஐப்பசியில் என் 2006 மாடல் மாருதி 800 காரைத் திருச்சியில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டேன். பானட்டும் இடது ஃபெண்டரும் நிறம் வெளுத்திருந்தன. இரண்டுக்கும் சேர்த்து 9,500 ரூபாய் பேசினோம். பெயிண்டை இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் 2கே பெயிண்ட்தான் என்று பட்டறைக்காரர் உறுதி சொன்னார். இது நான் இரண்டாம் கையாக வாங்கிய கார், பானட்டுக்கு முன்பே யாரோ பெயிண்ட் அடித்திருக்கிறார்கள் என்பதையும் முதல் நாளே அவரிடம் சொன்னேன். பழைய பெயிண்ட் எந்த வகை என்று சோதித்துப் பார்க்க அவருக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நான் போனபோது இரண்டாவது கோட் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளத்தை நிரப்பப் பட்டி போட்டுத் தேய்த்திருந்த இடத்தின் ஓரத்தில் மெல்லிய வளையம் ஒன்று தெரிந்தது. ஆறும் பாலில் ஆடை கூடிச் சுருங்குமே, அப்படி அந்த வளையம் மடிந்து மடிந்து எழும்பியது. ஐந்து நிமிடத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவிவிட்டது. "மழைக்காற்று சார், காய்ந்தால் படிந்துவிடும்" என்றார் பட்டறைக்காரர்.

அது பொய். ஈரக்காற்றில் வரும் கோளாறு வேறு மாதிரி இருக்கும்: பெயிண்டின் மேல் வெள்ளைப் புகை படர்ந்ததுபோல் மங்கும். பாலிஷில் உள்ள சிலிக்கான் துடைக்கப்படாமல் தங்கியிருந்தால் மீன்கண் போல வட்டக் குழிகள் விழும். தோல்போலச் சுருங்கி எழும்புவது அடியில் இருக்கும் பெயிண்டை, புதிய பெயிண்டை இளக்கச் சேர்க்கும் தின்னர் தாக்குவதால். பெயிண்டர்கள் இதைத்தான் "தூக்கிவிட்டது" என்கிறார்கள். அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது, நம்பிவிட்டேன்.

மறுநாள் அந்தச் சுருக்கத்தை மேலோட்டமாகத் தேய்த்து, அதன்மேலேயே பட்டி பூசி, மறுபடி அடித்துப் பளபளவென்று கொடுத்தார்கள். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு வந்தேன். மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், ஒரு மாதத்துக்குள், அதே வளையம் அதே இடத்தில் எழுந்தது. விரல் நகத்தை அழுத்தினால் தடம் பதிந்தது. திரும்பிப் போய்க் கேட்டதற்கு, காரை வெயிலில் நிறுத்தியது என் தவறாம். மீண்டும் அடிக்க இன்னும் 6,000 வேண்டுமாம். பில்லில் "பெயிண்டிங் வேலை" என்பதைத் தவிர ஒரு சொல் இல்லை. என்ன பெயிண்ட் என்று நான் எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

பிறகு வேறொரு மூத்த பெயிண்டரிடம் காரைக் காட்டினேன். அவர் பானட்டின் ஓரத்தில் ஒரு ரூபாய் அளவு வட்டத்தை உப்புத்தாளால் சரிவாகத் தேய்த்தார். மரத்தின் வளையங்கள்போலப் பெயிண்டின் அடுக்குகள் வரிசையாகத் தெரிந்தன. வெள்ளைத் துணியில் தின்னரை நனைத்து அதன்மேல் ஒரு நிமிடம் வைத்து எடுத்தார். "பாருங்கள் தம்பி" என்று துணியைக் காட்டினார். மேலடுக்கின் சிவப்பு அப்படியே துணிக்கு வந்திருந்தது. ஹார்டனர் கலந்து நன்றாக இறுகிய பெயிண்ட் இப்படித் தின்னரில் கரையாது. எனக்கு அடித்தது ஹார்டனர் இல்லாமலே காயும், விலை குறைந்த என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) பெயிண்ட். அதற்குக் கீழே, முன்பு யாரோ அடித்த எனாமல் அடுக்கு ஊறிப் பொதபொதவென்று உப்பியிருந்தது. அடியில் கம்பெனி பெயிண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. 2கே என்று சொல்லிப் பணம் வாங்கியதும், அடியில் இருப்பதைப் பார்க்காமல் அடித்ததும் அந்த ஒரு துணியில் தெரிந்துவிட்டன.

காரணத்தை அவரே விளக்கினார். எனாமல் காற்றிலிருந்து பிராணவாயுவை உறிஞ்சி மெல்ல இறுகுகிறது. மேலே தோல் கட்டினாலும் உள்ளே நெடுநாள் மென்மையாக இருக்கும். என்.சி.யோடு சேரும் தின்னர் கடுமையானது. எனாமல் மேல் அது படும்போது, தேய்த்துத் திறந்துவிட்ட விளிம்பில் முதலில் நுழைந்து, அடுக்கை ஊதவைத்துத் தூக்கிவிடும். அதனால்தான் சுருக்கம் பெரும்பாலும் பட்டி போட்ட இடத்தின் ஓரத்தில் தொடங்குகிறது. ஈரமாக, கனமாக அடித்தால் இன்னும் மோசம்.

சுருக்கம் விழுந்த பிறகு அந்த இடத்தில் மேற்கொண்டு பெயிண்ட் அடிக்கவே கூடாது. முழுதும் காயவிட்டு, கெட்ட அடுக்கு எதுவும் மிஞ்சாமல் எடுக்க வேண்டும். என் பானட்டை அவர் 80 எண் உப்புத்தாளில் தொடங்கித் தகரம் வரை சுரண்டினார். ஹார்டனர் கலந்த எப்பாக்ஸி பிரைமரை (அடிப்பூச்சு) அடித்து இறுகவிட்டு, அதன்மேல் பட்டி, மறுபடி 2கே பிரைமர், 400, 800 எண் வாட்டர் பேப்பரில் தேய்ப்பு, பிறகு நிறம், கடைசியில் பளபளப்புக்கு நிறமில்லாத கிளியர். ஒவ்வொரு கோட்டுக்கும் இடையே ஈரம் மங்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார். அந்தப் பொறுமையை நான் வேறெந்தப் பட்டறையிலும் பார்த்ததில்லை. இதற்கு 7,000 ஆனது.

காரை விடும் முன் தின்னர் துணிச் சோதனையை உங்கள் கண்முன் செய்யச் சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை. ஹார்டனர் டப்பாவைத் திறந்து கலப்பதை நேரில் பாருங்கள், பெயிண்டின் வகையைப் பில்லில் எழுதி வாங்குங்கள். ஆனால் அடிக்கும்போது பக்கத்தில் நிற்காதீர்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும்; கைக்குட்டையோ துணி முகக்கவசமோ அதைத் தடுக்காது. முதல் பட்டறையில் பெயிண்ட் அடிக்கும் கன் பிடித்த பையன் முகத்தில் கைக்குட்டைதான் கட்டியிருந்தான். 2கே அடிக்கும் நாளிலும் அவனுக்கு அதுதானோ என்று நினைத்தால் மனம் பதைக்கிறது.

இடது ஃபெண்டரில் இன்னும் அவர்கள் அடித்த பெயிண்ட்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அதையும் சுரண்டுகிறோம்.