குழந்தைகள் நலக் குழு முன் பெற்றோர்: எந்த வக்கீலைத் தேடுவது?

பாதுகாப்பு தேவைப்படும் குழந்தை எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்வது குழந்தைகள் நலக் குழு. அந்தக் குழு மகனைக் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிட்டது என்று தெரிந்ததும், மேலூர்ப் பக்கம் இருக்கும் எங்கள் சொந்தக்கார அக்கா முதலில் நகையை அடகு வைத்தார். பெரிய வக்கீலைப் பிடித்தால் மறுநாளே பையன் வந்துவிடுவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். வரவில்லை. அவருடன் அலைந்ததில் எனக்குப் புரிந்ததை இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

வக்கீலே வேண்டாம் என்று போகிறவர்கள் நிறைய. குழந்தைகள் நலக் குழுவில் கூண்டு கிடையாது, தலைவரும் நான்கு உறுப்பினர்களும் சாதாரணமாகத்தான் பேசுவார்கள். ஆனால் அந்தக் குழுவுக்கு முதல் வகுப்பு நீதித்துறை நடுவருக்கு உள்ள அதிகாரம் உண்டு. "கஷ்டந்தாங்க, என்னால பார்த்துக்க முடியல" என்று ஒரு தாய் அழுதுகொண்டே சொல்வதும் பதிவாகிவிடும். அதனால் தனியாகப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

காசு கொடுத்து வைக்கும் வக்கீல் என்றால், மதுரையில் திறமைசாலிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பெரும்பாலும் நிலம், கிரிமினல், விவாகரத்து வழக்குகளில் பழகியவர்கள். அதே பழக்கத்தில் வாய்தாவுக்காகக் காத்திருப்பார்கள். இங்கே விஷயம் தீர்மானமாவது சமூக விசாரணை அறிக்கையில், அதாவது குழந்தையின் வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் அறிக்கையில். 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி அதை 15 நாட்களில் முடிக்க வேண்டும். நான்கு மாதத்துக்குள் இறுதி உத்தரவு. அக்காவின் வக்கீல் வந்து சேர்ந்தபோது அறிக்கை எழுதி முடித்தாகிவிட்டது. வீட்டில் பாட்டி இருக்கிறார், பள்ளிக்கூடம் பக்கத்திலேயே இருக்கிறது என்பதெல்லாம் அதில் இல்லவே இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். 1987 சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. அதனால் தாய் பெயரில் மனு கொடுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். குறையும் உண்டு: கிடைக்கும் வக்கீலுக்கு வேலைப்பளு அதிகமாக இருக்கலாம், அக்கறை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஆணைக்குழுவில் சட்டத் தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். ரேஷன் கார்டு, பள்ளிச் சான்று சேர்க்க ஒருவர், வாதாட ஒருவர் என்று இருந்தால் தனி வக்கீலை விட அது மேல். நியூயார்க்கில் வக்கீல், சமூகப் பணியாளர், இதே அனுபவம் உள்ள ஒரு பெற்றோர் மூவரும் சேர்ந்து உதவிய குடும்பங்களை 2019-ல் வெளியான ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. தனி வக்கீல் மட்டும் வாதாடிய குடும்பங்களின் குழந்தைகளை விட அந்தக் குழந்தைகள் நான்கு ஆண்டுகளில் சராசரியாக 118 நாட்கள் குறைவாகவே வீட்டை விட்டுப் பிரிந்திருந்தார்கள்.

அப்புறம், ஒத்தக்கடைப் பக்கம் உயர்நீதிமன்றக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடலாமே என்பார்கள். குழுவின் உத்தரவுப்படி குழந்தை இல்லத்தில் இருந்தால் அது சட்டவிரோதக் காவல் என்று நிரூபிப்பது கடினம். அந்தக் காசை மேல்முறையீட்டுக்கு வையுங்கள்.

என் முடிவு: முதல் வாரத்திலேயே இலவச வக்கீல். இலவசமோ கட்டணமோ, வக்கீலிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அறிக்கை எழுதும் முன் எங்கள் வீட்டைப் பற்றி எழுத்தில் மனு கொடுப்பீர்களா? வறுமைதான் காரணம் என்றால் குழந்தையை வீட்டிலேயே வளர்க்க அரசு உதவும் நிதி ஆதரவுத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கேட்கவும் சொல்லுங்கள். உத்தரவு எதிராக வந்தால் அன்றே நகல் கேளுங்கள். குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 30 நாட்கள்தான் இருக்கின்றன.