குட்டைக் கட்டையில் வேட்டை வில்: ஒட்டு வில்லா, நார் வில்லா?

டெக்சாஸ், ஓக்லஹோமா பக்கத்து ஓசேஜ் ஆரஞ்சு மரம் வில்லுக்குப் பேர்போனது. ஆனால் நேரான நீளக் கட்டை லேசில் சிக்காது. 3, 4 அடியில் கோணலும் கணுவுமாகத்தான் கிடைக்கும். சரி, இரு துண்டுகளைக் கைப்பிடியில் இணைப்பதா (ஒட்டு வில்), ஒரே குட்டைக் கட்டையின் முதுகில், அதாவது எய்பவருக்கு எதிர்ப்புறத்தில், மான் தசைநார் ஒட்டுவதா (நார் வில்)?

செலவு
ஒட்டு: கொஞ்சம் எபாக்சி பசை.
நார்: தோலைக் காய்ச்சி எடுக்கும் பசையும் மான் கால் நாரும், வேட்டைக்காரருக்குச் சும்மாவே கிடைக்கும்.

உழைப்பு
ஒட்டு: இரு துண்டுகளும் கோத்துக்கொள்ள மீன்வால் வடிவில் வெட்டும் முனைகள் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். அவ்வளவுதான்.
நார்: காய்ந்த நாரைத் தட்டி, இழை இழையாகப் பிரித்து, வெதுவெதுப்பான பசையில் தோய்த்து, செங்கல் வரிசைபோல் முனை மாற்றி ஒட்ட வேண்டும். அப்புறம் வாரக்கணக்கில் காய வேண்டும். பொறுமை இல்லாதவர் தொடவே வேண்டாம்.

மழை
ஒட்டு: அசையாது.
நார்: ஈரத்தில் தளரும்.

கணு
இரண்டிலும் கணுவைச் சுற்றி மரத்தைக் கூடுதலாக விடவும். முதுகில் சிறு பிசகு இருந்தால் நார் தாங்கிக்கொள்ளும்.

நாணை 28 அங்குலம் இழுப்பவருக்கு ஐந்தரை அடி ஒட்டு வில்லே என் தேர்வு. குறைவாக இழுத்து, புதருக்குள் நுழைந்து வேட்டையாடுபவர் நார் வில் செய்யலாம். அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினர் குதிரைமேலிருந்து காட்டெருமை வேட்டையாடியது இத்தகைய குட்டை வில்லால்தான்.